நான் செய்யாத கட்லெட்

எனக்குச் சமையல் நன்றாக வரும். இதை நானே சொல்லிக்கொள்வதில் கூச்சமில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் என்னைப் பற்றிச் சொல்ல யாருக்கும் வேறொன்றும் கிடைக்கவில்லை. அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் கரும்பும் நெல்லும் போடுகிற வீட்டில் பிறந்து, பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கணவர் வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். அவருடைய அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாண வீட்டில் யாராவது, "பொண்ணு எம்புட்டுப் படிச்சிருக்கு?" என்று கேட்டால் மதினி கொஞ்சம் தயங்கிவிட்டு, "சமையல்ல கெட்டிக்காரி" என்பார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மதினி சும்மா சொல்கிற ஆளும் இல்லை. மறுவீட்டு விருந்தில் நான் வைத்த கோழிக்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நேராக அடுப்படிக்குத்தான் வருவார். என்னிடம் அவர் பிரியமாகப் பேசியது எல்லாம் அடுப்படியில் நின்று பேசியதுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் பழங்காநத்தத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா குடும்பம். மேலே நாங்கள் இருவரும் இரண்டு வயது மகளும். கணவருக்கு டவுனில் அலுவலக வேலை. அவரைக் கெட்டவர் என்று இதைப் படிக்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது. மகளுக்குக் காய்ச்சல் வந்தால் லீவு போட்டுவிட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சம்பளம் வந்த அன்றைக்கு எனக்கு மல்லிகைப்பூ வாங்காமல் வீட்டுப் படி ஏறியதில்லை. அவரிடம் இருந்த ஒரே பலவீனம் ஆபீஸ். மேலதிகாரி ஒரு வார்த்தை பாராட்டினால் நாலு நாள் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். முகம் கொடுக்காமல் போனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த வருடம் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. ஆபீசில் எல்லோரும் விருந்து கேட்டார்கள். ஓட்டலுக்குக் கூட்டிப்போவது என்றுதான் முதலில் பேச்சு. மெட்ராசிலிருந்து மாற்றலாகி வந்திருந்த பெரிய சார், "ஓட்டல் எதுக்கு? ஒருநாள் உங்க வீட்டுக்கே வர்றோம். குடும்பத்தோட" என்று சொல்லிவிட்டாராம். அன்று சாயங்காலம் இவர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்தார்.

"சார் நம்ம வீட்டுக்கு வாராரு! இதுவரைக்கும் யாரு வீட்டுக்கும் போனதில்லையாம்."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, சாப்பாடு இல்லாமல் டிபன் மட்டும் என்று முடிவானது. எனக்கும் சந்தோசம்தான். மசால் வடை, பால் பணியாரம், கேசரி, தொட்டுக்கொள்ள கெட்டிச் சட்னி என்று மனசுக்குள் போட்டு வைத்தேன். எண்ணெய்ச் சட்டியைக் கூடப் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆபீசிலிருந்து வந்தவர் சட்டையைக் கழற்றாமலே அடுப்படி வாசலில் நின்றார்.

"இந்தா, வடை பணியாரமெல்லாம் வேணாம்."

"ஏங்க?"

"அவுக மெட்ராஸ்காரவுக. வடையக் கொண்டாந்து வச்சா என்ன நினைப்பாக? டவுன்ல புதுசா சூப்பர் மார்க்கெட்டு வந்திருக்குல்ல, அங்க கட்லெட்டு, சமோசா, கேக்கு எல்லாம் ரெடியா கிடைக்குது. முந்துன நாளு சொல்லிவச்சா பெட்டியில போட்டுத் தாராக."

அந்தக் கடைக்கு ஒருமுறை நாங்கள் போயிருந்தோம். மளிகைக் கடை மாதிரி வெளியே நின்று கேட்டு வாங்க வேண்டியதில்லை. வாசலில் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், வேண்டியதை நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். யார் வந்தாலும் முதல் தடவை எதையும் தொடத் தயங்குவார்கள். நானும் அப்படித்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பலகாரங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பிறந்தநாள், பார்ட்டிகளுக்கு ஆர்டர் எடுக்கப்படும் என்று ஒரு அட்டை தொங்கியது. வீட்டு விசேசத்துக்குக் கடையில் வாங்குவார்களா என்று அன்றைக்கு நான் ஆச்சரியப்பட்டது ஞாபகம் இருக்கிறது.

"கட்லெட்டுத்தானே? நான் போடுறேன். பத்திரிகைல செய்முறை வந்திருக்கு, கிழிச்சு வச்சிருக்கேன்" என்றேன்.

"பழகாததை அன்னைக்குன்னு பாத்துச் செஞ்சு உடைஞ்சு கிடைஞ்சு போச்சுன்னா? வேணாம். நீ அடுப்படியில கிடந்து வேகக் கூடாது. நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு வந்தவுக கூட உக்காந்து பேசணும். சார் வீட்டம்மா பக்கத்துல நீதான் உக்காரணும்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் சம்மதித்தேன். அதுவரை யாரும் என்னை முன்னறையில் வந்து உட்காரச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் எத்தனை பேர் வந்தாலும் அவர்கள் பேசுவது எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும். இவருக்கு இப்படி ஒரு நினைப்பு வந்ததே என்று உருகிப்போனேன். பட்டுச்சேலையை எடுத்து வெயிலில் காட்டி, ரவிக்கையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்கூட்டரில் போய் மூன்று அட்டைப் பெட்டிகளோடு வந்தார். கீழே குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா, "என்ன தம்பி, பெட்டி பெட்டியா இறங்குது?" என்று கேட்டது மேலே எனக்குக் கேட்டது. "ஆபீஸ் ஆளுக வாராகம்மா, பலகாரம்" என்று சொல்லிக்கொண்டே ஏறி வந்தார்.

பெட்டியைத் திறந்ததும் நெய்யும் மசாலாவும் கலந்த ஒரு வாசம் வந்தது. கட்லெட்டுகள் எல்லாம் ஒரே அளவில், வெற்றிலை வடிவத்தில், நடுவில் ஒரு பாதி முந்திரி பதித்து அழகாகத்தான் இருந்தன. சமோசா. சிவப்பும் பச்சையுமாகப் பழத்துண்டு தூவிய கேக்.

"எல்லாத்தையும் நம்ம எவர்சில்வர் தட்டுக்கு மாத்திரு. பெட்டியெல்லாம் பரண்ல போட்டுரு. யாரு கண்ணுலயும் பட வேணாம்" என்றார். அறையில் குப்பையாகக் கிடக்கக் கூடாது என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு பரணில் ஏற்றினேன்.

நாலரை மணிக்கு வந்தார்கள். பெரிய சாரும் அவர் மனைவியும், ஆபீசில் இவரோடு இருக்கிற நாலு பேர், அவர்களில் மூன்று பேருடைய மனைவிமார்கள். மதினியும் அவர் வீட்டுக்காரரும் முன்பே வந்துவிட்டார்கள். கீழ்வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலிகள் போதாமல் கட்டிலிலும் உட்கார்ந்தார்கள். இவர் சொன்னபடியே பெரிய சார் மனைவிக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார். அந்த அம்மாள் என் மகளின் கன்னத்தைத் தட்டிக்கொண்டு, எந்த ஊர், என்ன விளைகிறது என்றெல்லாம் கேட்டார். கரும்பு வெட்டைப் பற்றி நான் சொல்ல, நிஜமான அக்கறையோடு கேட்டுக்கொண்டார். அந்தக் கால் மணி நேரம் நான் நன்றாக இருந்தேன்.

தட்டுகள் சுற்றி வந்தன. பெரிய சார் ஒரு கட்லெட்டைக் கடித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"பிரமாதமா இருக்கே. யாரு பண்ணினது?"

"எல்லாம் வீட்டம்மா கைவண்ணம்தான் சார்" என்றார் என் கணவர். "காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சவ. கடையில வாங்கிக்கலாம்னு சொன்னேன், கேக்க மாட்டேன்னுட்டா."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தண்ணீர் டம்ளரை எடுத்துச் சாருக்கு நீட்டிக்கொண்டிருந்தார். அத்தனை பேர் நடுவில் "இல்லை" என்று எப்படிச் சொல்வது? சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பு என் தப்பு. அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஒரு அம்மாள், "உருளைக்கிழங்கு கூட பீட்ரூட்டும் சேத்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "ரொட்டித் தூள்ல புரட்டி எடுத்தீங்களோ?" அதற்கும் ஆமாம். மதினிக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க தம்பி பொண்டாட்டி எதைத் தொட்டாலும் ருசிதான். அவ கோழிக்குழம்ப நீங்க சாப்பிடணும்" என்று கட்டிலில் இருந்தபடி எல்லோருக்கும் சொன்னார். வேர்த்து ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் பெரிய சார் மனைவி தட்டிலிருந்த கட்லெட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் பார்வை என் பக்கம் வரவில்லை. என் கணவரைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"டவுன்ல புது சூப்பர் மார்க்கெட்ல இதே மாதிரி முந்திரி வெச்ச கட்லெட் இருக்கே. இதே சைஸ். கேக்கும் அங்க பார்த்த மாதிரியே இருக்கு."

ஆபீஸ்காரர்களில் ஒருவர், "என்னண்ணே, கதை இப்படிப் போகுது?" என்றார். எல்லோரும் இவரைப் பார்த்தார்கள்.

"ஆமா மேடம், மாட்டிக்கிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். அதோடு முடிந்திருக்கும். இவர் என் பக்கம் திரும்பினார்.

"என்னது, கடையில வாங்குனியா? எங்கிட்ட நானே செஞ்சேன்னுல்ல சொன்ன?"

விளையாடுகிறார், இதோ அடுத்த வார்த்தையில் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சாரிடம் திரும்பினார்.

"பாத்தீங்களா சார், என்னையே ஏமாத்திட்டா!"

அறை முழுக்கச் சிரிப்பு. "பொம்பளைங்க விவரமானவங்கப்பா" என்றார் பெரிய சார். "காபியாச்சும் நீ போட்டதுதானா?" என்று இவர் கேட்க, இன்னொரு முறை சிரித்தார்கள். பெரிய சார் மனைவி மட்டும் கட்லெட்டைத் தட்டில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். மதினியும் சிரிக்கவில்லை.

காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். பின்னாலேயே மதினி வந்தார்.

"ஏன் இப்படிப் பண்ணுன? முடியலைன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா நான் காலைலயே வந்து செஞ்சு குடுத்திருப்பேன்ல? அம்புட்டுப் பேரு முன்னாடி என் தம்பியத் தலைகுனிய வச்சிட்டியே."

"மதினி, நான் வாங்கல. அவுகதான் போயி வாங்கிட்டு வந்தாக."

"இப்ப அவன் மேல தூக்கிப் போடாத. அவன் முகத்தத்தான் நான் பாத்தேனே."

அவர் பார்த்த முகத்தை நானும்தான் பார்த்தேன். மூன்று வருடம் கூடவே இருந்த எனக்கே அது நிஜமாகத் திகைத்த முகம் மாதிரித்தான் தெரிந்தது.

எல்லோரும் கிளம்பும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. பெரிய சாரை ஜீப் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு இவர் மேலே வந்து, கடன் வாங்கிய நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார். ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் அறை நடுவில் நின்று கேட்டேன்.

"ஏன் அப்படிச் சொன்னீக?"

"எப்படி?"

"நான் ஏமாத்திட்டேன்னு."

"அட, அதுவா?" என்றார். "அந்தம்மா அப்படிப் போட்டு உடைக்கும்னு நான் என்ன கனவா கண்டேன்? வாய்ல வந்ததைச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டுப் போயிட்டாக. விடு."

"முதல்ல நான் செஞ்சேன்னு எதுக்குச் சொன்னீக?"

"ஒரு மாசமா உன் சமையலப் பத்தித்தான் ஆபீஸ்ல பேசிக்கிட்டிருக்கேன். அவுக அதுக்குத்தான் வந்தாக. கடையில வாங்குனேன்னா நல்லாவா இருக்கும்?"

"அப்ப என்னையச் செய்ய விட்டிருக்கலாம்ல?"

அவர் நாற்காலியைச் சுவரில் சாய்த்தார். முதல்முறையாகக் கொஞ்சம் எரிச்சல் வந்தது அவர் குரலில்.

"இந்தா பாரு. சார் முன்னாடி நான் பொய்க்காரன்னு ஆனா நாளைக்கு ஆபீஸ்ல தலை காட்ட முடியுமா? நீ வீட்டுக்குள்ள இருக்கிறவ. உனக்கு என்ன வந்துச்சு?"

அவர் அதைக் கோபத்தில் சொல்லியிருந்தால்கூட மறந்திருப்பேன். கணக்குப் பார்த்தவர் மாதிரி, நியாயத்தை எடுத்துச் சொல்கிறவர் மாதிரித்தான் சொன்னார். நான் போய் மகளின் சட்டையை மாற்றினேன்.

மூன்றாம் நாள் மகளைத் தூக்கிக்கொண்டு அலங்காநல்லூர் பஸ் ஏறினேன். கோபித்துக்கொண்டு போனதாக நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆத்தாவிடம் முழுவதையும் சொன்னேன். ஆத்தா கேட்டுவிட்டு, "கட்லெட்டுன்னா என்னத்தா?" என்றாள். விளக்கிச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அய்யா தோட்டத்திலிருந்து வந்ததும் இரண்டே கேள்விதான் கேட்டார்.

"மாப்பிள்ளை கை நீட்டுனாரா?"

"இல்லைய்யா."

"குடிச்சிட்டு வாராரா?"

"இல்ல."

"பெறகு இதுக்கா பஸ்ஸேறி வந்த?"

மறுநாள் காலை அய்யாவே பஸ்ஸில் கொண்டுவந்து பழங்காநத்தத்தில் விட்டார். போகும்போது இவரிடம், "சின்னப்புள்ள மாதிரி, மனசுல வச்சுக்கிடாதீக மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். என் சார்பில் மன்னிப்புக் கேட்ட மாதிரி இருந்தது. இவரும் பெருந்தன்மையோடு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா" என்றார்.

மதினி அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் சொன்னார், சொந்தக்காரர்கள் வீட்டில் சொன்னார், கல்யாணப் பந்தியில் சொன்னார். அவருக்குக் கதை சொல்ல நன்றாக வரும். ஒருமுறை அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பெட்டிகளை யார் கொண்டுவந்தது என்று கண்ணால் பார்த்த ஆள் கீழே இருக்கிறாரே. மதினியைக் கீழே கூட்டிப்போய், "அம்மா, அன்னைக்குப் பலகாரப் பெட்டி யாரு தூக்கிட்டு வந்தா? நீங்க பாத்தீகல்ல?" என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். அந்த அம்மாள் என்னையும் மதினியையும் மாறி மாறிப் பார்த்தார். வாசலில் இவர் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் என்னத்தக் கண்டேன்? எத்தனையோ பேரு ஏறுறாக, இறங்குறாக" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த தையில் மதினியின் மகளுக்குச் சடங்கு. நான் விடியற்காலையிலேயே போய்விட்டேன். பின்கட்டில் நாலைந்து பெண்கள் பலகாரத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். சேலையைச் செருகிக்கொண்டு நானும் உட்காரப் போனேன். மதினி கையைப் பிடித்து எழுப்பினார்.

"நீ முன்னாடி போயி வாரவுகளுக்குச் சந்தனம் குடு. அடுப்ப நாங்க பாத்துக்கிறோம்."

"அவ பாக்கெட்டுப் பலகாரம் கொண்டாந்திருப்பா, பையப் பாருங்க" என்றாள் மாவு பிசைந்துகொண்டிருந்த ஒருத்தி. சிரித்தார்கள். அடுப்பை விட்டு முன்னால் போ என்று என்னை இரண்டாவது முறையாக ஒருவர் சொல்கிறார். எனக்குள் என்னவோ அறுந்தது.

"அன்னைக்கு வாங்குனது நான் இல்ல மதினி. ஒரு வருசமா நீங்க சொல்றதக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க தம்பிதான் வாங்கியாந்தாக. நான் செஞ்சேன்னு சொன்னதும் அவுகதான், நான் ஏமாத்துனேன்னு சொன்னதும் அவுகதான். இந்தா நிக்கிறாக, கேளுங்க."

வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் பின்கட்டு வாசலுக்கு அப்போதுதான் வந்திருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அன்றைக்கு மாதிரியே. தாரை மெதுவாக இறக்கி வைத்தார்.

"நல்ல நாளும் அதுவுமா இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?" என்றார். பிறகு, "பந்தல்ல கூப்பிடுறாக" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதைக் கவனித்தவர்கள் இருந்திருக்கலாம். மதினி கவனித்தாரோ இல்லையோ, அவர் சொன்னது வேறு.

"நாலு பேரு முன்னாடி புருசனக் காட்டிக்குடுக்குறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

நான் முன்னால் போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். மத்தியானம் வரை எல்லோருக்கும் கொடுத்தேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, மகளுக்குப் பால் டப்பா எங்கும் கிடைக்காமல் அந்தச் சூப்பர் மார்க்கெட்டுக்கே போக வேண்டியதாயிற்று. நடந்ததற்குப் பிறகு அந்தப் பக்கமே நான் போகவில்லை. டப்பாவைக் கூடையில் போட்டுத் திரும்பினால் எதிரே பெரிய சார் மனைவி. அவரே என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்தார். சாருக்குத் திருச்சிக்கு மாற்றலாகிவிட்டதாம், அடுத்த வாரம் கிளம்புகிறார்களாம். மகளைப் பற்றிக் கேட்டார். பிறகு சற்று ஓரமாக, சோப்பு அடுக்கியிருந்த பக்கம் என்னைக் கூட்டிப்போனார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா இருக்கு. அன்னைக்கு மத்தியானம் நான் இங்கதான் இருந்தேன். உங்க வீட்டுக்காரர் பெட்டி வாங்கிட்டுப் போனதைப் பார்த்தேன். அவர் என்னைக் கவனிக்கலை."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. "நீங்க பாத்தீங்களா?" என்றேன்.

"பார்த்தேன். அவரைக் கொஞ்சம் கிண்டல் பண்ணலாம்னுதான் அந்தப் பேச்சை எடுத்தேன். அவர் உங்க மேல திருப்புவார்னு நான் நினைக்கவே இல்லைம்மா. எனக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்?"

அவர் என் கையை விட்டார். "எப்படிச் சொல்றது? எங்க வீட்டுக்காரர் கீழ வேலை பார்க்கிறவர். எல்லாரும் இருக்காங்க. அவர் மானம் போயிடுமே."

அவருடைய மானம் போய்விடும் என்று அந்த அம்மாளும் யோசித்திருக்கிறார். அந்த அறையில் அவ்வளவு பேர் இருந்தும், போனால் போகட்டும் என்று விடக்கூடிய மானம் ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கிறது. "போய்ட்டு வாங்க மேடம், சாரைக் கேட்டதாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் காசு கட்டப் போய் நின்றேன். அவர் நல்லவர்தான். சொல்லாமல் போயிருக்கலாம், சொன்னார். ஆனால் சொன்ன பிறகு எனக்கு முன்பைவிட மோசமாக இருந்தது. அதுவரை, அன்றைக்குச் சிரித்தவர்கள் நடுவில் உண்மை தெரிந்தவர் யாரும் இல்லை என்று ஒரு சமாதானம் இருந்தது.

அன்று சாயங்காலம் இவர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். கொஞ்சமாவது வெட்கப்படுவார், ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன். டம்ளர் பாதியில் நின்றது. முகம் வெளுத்துவிட்டது.

"அந்தம்மா பாத்துச்சா? அப்ப சாருக்கிட்டச் சொல்லியிருக்குமோ?"

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சொல்லியிருக்காதுல்ல? சொல்லியிருந்தா சார் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசியிருக்க மாட்டாரு. போன வாரங்கூட நல்லாத்தான் பேசுனாரு." தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கொஞ்சம் தெம்பு வந்து மிச்சக் காபியைக் குடித்தார். "எப்படியும் மாத்தல் ஆயிருச்சு. பரவாயில்ல."

அந்த இடத்தில்தான் நான் அவரிடம் எதையும் எதிர்பார்ப்பதை விட்டேன். சண்டை போடவில்லை. குழம்பு வைத்தேன், சட்டை துவைத்தேன், மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம், வீடு மாறினோம். வாழ்க்கை ஒன்றும் நின்றுவிடவில்லை. ஆனால் நாலு பேர் இருக்கும் இடத்தில் அவர், "இவ என்ன பண்ணுனா தெரியுமா?" என்று ஆரம்பித்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அவர் சொல்வது பாராட்டாக இருந்தாலும் போய்விடுவேன்.

புது அதிகாரி வந்தபோது இன்னொரு விருந்து வைக்க நினைத்தார். அன்றைக்கு நான் ஆத்தா வீட்டுக்குப் போகிறேன் என்றேன். எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். மகளோடு போய்விட்டேன். திரும்பி வந்ததும், "பலகாரம் எங்க வாங்குனீக?" என்று கேட்டேன்.

"அதே சூப்பர் மார்க்கெட்டுத்தான்."

"வந்தவுக கேட்டாகளா?"

"கேட்டாக. கடையில வாங்குனதுன்னு சொன்னேன்" என்றார் பேப்பரைத் திருப்பிக்கொண்டே. "எல்லாரும் நல்லாச் சாப்பிட்டாக. அதுல என்ன இருக்கு?"

கடைப் பலகாரத்தில் எதுவும் இல்லைதான்.

அதற்குப் பிறகு வந்த ஒரு தீபாவளிக்கு மதினி குடும்பத்தோடு வந்திருந்தார். எனக்கு அந்த வாரம் உடம்புக்கு முடியாமல் இருந்ததால் லட்டைக் கடையில் வாங்கிவிட்டு, முறுக்கை மட்டும் வீட்டில் சுற்றியிருந்தேன். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். இவர் உற்சாகமாக, "எடுத்துக்கக்கா, லட்டு இவ பிடிச்..." என்று ஆரம்பித்தார்.

அவர் முடிக்கும் முன் நான் சொன்னேன். "இல்ல மதினி. லட்டு கடையில வாங்குனது. முறுக்கு மட்டுந்தான் நான் சுத்துனது."

மதினி என்னையும் தம்பியையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். நான் சுற்றிய முறுக்கை அவர் தொடவில்லை.